கோட்டை வாசலில் சொன்ன ஊர்

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன்.

திருமயம் கோட்டையை விட்டு இறங்கிய அன்று, புளியமரத்தடியில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் வைத்து பெரியவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "நம்ம ஊருப் பேரச் சொல்ல உங்களுக்கு வெக்கமாப்பா?" நான் பதில் சொல்லவில்லை. காரைக்குடி தாண்டியும் சொல்லவில்லை. ராமநாதபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதும் சொல்லவில்லை. பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் கடல் தெரிந்த பிறகும் வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளை திடீரென்று நிறுத்திவிட்டால், பதிலை அதுவே முடிவு செய்துகொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது. இன்னும் பத்து நாளில் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. லீவில் பார்த்ததை வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று உங்கள் டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குள் இதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது பெரியவள்தான். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. நான் காலையில் எழுந்து வலை பொத்துவதும், மத்தியானம் தூங்குவதும், சாயங்காலம் உங்கம்மாவிடம் திட்டு வாங்குவதுமாக இருந்தேன். "நம்ம ராமநாதபுரம் ராஜா கட்டுன மலக்கோட்டையாம்ப்பா. ராஜா நம்ம ராஜா, நம்ம பாக்கலன்னா எப்படி?" என்று அவள் கேட்டாள். சின்னவனுக்கு ராஜாவைப் பற்றிக் கவலையில்லை. அவனுக்கு மலை வேண்டும். பாம்பனில் பிறந்த பிள்ளைக்கு மலை ஏது? மணல் மேட்டையும் பாலத்தையும் விட்டால் நம் தீவில் நிமிர்ந்து பார்க்க ஒன்றும் கிடையாது.

உங்கள் மாமா அவருடைய ஆம்னி வண்டியை எடுத்துவந்தார். வாரம் ஆறு நாளும் கருவாட்டு மூட்டை ஏற்றுகிற வண்டி. முந்தின நாள் சோப்புப் பொடி போட்டு இரண்டு தடவை கழுவியதாகச் சத்தியம் செய்தார். நாங்களும் ஏறி உட்கார்ந்து மோந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. "எலுமிச்சம்பழம் மாதிரில்ல மணக்குது" என்று உங்கம்மா தம்பியை மெச்சிக்கொண்டாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி தாண்டியதும் கட்டாந்தரையிலிருந்து அந்தப் பாறை எழுந்து நின்றது. சின்னவன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "ஏலேய்… எம்புட்டு பெரிய கல்லு!" என்று கத்தினான். கீழே ஒரு தனியார் இடத்தில் புளியமரத்தடியில் வண்டி நிறுத்தினோம். நாங்கள் கதவைத் திறந்து முழுசாக இறங்கக்கூட இல்லை, மரத்திலிருந்த காக்காய்கள் நாலைந்து வந்து வண்டிக் கூரைமேல் உட்கார்ந்தன. தயிர்சாத வாளிக்குத்தான் வருகின்றன என்று நான் வாளியை உள்ளே தள்ளி மூடினேன்.

அங்கே ஒரு காவல்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நீளமான நோட்டு ஒன்று, நூலில் கட்டிய பேனா ஒன்று. "வண்டி நம்பரும் ஊரும் நீங்களே எழுதிருங்க. எனக்குக் கண்ணாடி இல்ல" என்றார். எனக்கு உடனே முதுகில் ஏதோ ஊர்ந்தது. வண்டி நிறுத்துவதற்கு ஊர் எதற்கு? நம்பர் போதாதா? பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. தோளில் பச்சைத் துண்டு, கையில் ஒரு கம்பு, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. அவர் எங்களை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தார், காக்காயைப் பார்த்தார், பிறகு மெதுவாக என் முகத்துக்கு வந்தார்.

"எந்த ஊருண்ணே?" என்றார்.

"கமுதி" என்றேன்.

ஏன் கமுதி? ராமநாதபுரத்தில் நமக்கு முன்னால் கமுதி பஸ் ஒன்று போனது. அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தோம். அதுதான் வாயில் கிடந்தது. வேறு காரணம் இல்லை. சொன்னதையே நோட்டிலும் எழுதினேன். பெரியவள் என் கை இடுக்கு வழியாக எட்டி அதைப் படித்ததை நான் பார்த்தேன். அவளுடைய புருவம் ஏறியதையும் பார்த்தேன்.

இதை உங்களுக்குப் புரியவைக்க வேண்டும். வடகடலில் வலை நிறைய நல்ல பாடு கண்டு வந்த படகுக்காரனிடம் கரையில் நிற்பவன் "எங்கன பாடு?" என்று கேட்பான். "தென்கடல்" என்பான் இவன். தென்கடலில் பட்டிருந்தால் வடகடல் என்பான். கேட்டவனுக்கும் அது தெரியும். மறுநாள் அவனும் அதையேதான் சொல்வான். நம் கரையில் இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. இடத்தைச் சொன்னால் மீன் போய்விடும், அவ்வளவுதான். பதினைந்து வயதிலிருந்து எனக்கு இது பழக்கம். அதோடு கடலில் ஒரு உடுப்புக்காரன் கேட்பான், கரையில் வேறு உடுப்புக்காரன் கேட்பான். எந்த ஊர், எந்தப் படகு, எங்கே போனாய், யாரைப் பார்த்தாய். யாராவது ஊரைக் கேட்டால் என் நாக்கு தானாகத் திசை மாறிவிடும். அன்றைக்கும் மாறியது. கேட்டவர் சும்மா ஒரு பச்சைத் துண்டுக்காரர் என்று நாக்குக்குத் தெரியவில்லை.

"கமுதியா? சந்தோசம்ணே. இந்த வருசம் மிளகா எப்படி?"

"பரவால்ல."

"மழையே இல்லன்னாங்களே?"

"மழை இல்லதான். ஆனா பரவால்ல."

உங்கம்மா பக்கத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிளகாய்ச் செடியை நான் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஆள் எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். நாங்கள் கூப்பிடவில்லை. "வாங்கண்ணே, நானே கூட்டிட்டுப் போயி காட்டுறேன். உங்க மனசுக்கு என்ன தோணுதோ குடுங்க" என்றார். மனசுக்குத் தோன்றுவதைக் கொடு என்கிறவனிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்கு எச்சரிக்கை வந்தது. உங்கள் மாமா வண்டியிலேயே காலை நீட்டிவிட்டார். நான் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, சின்னவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

ஏறுகிற வழியெல்லாம் நான் கோட்டையைப் பார்த்ததைவிட அந்த ஆளைப் பார்த்ததுதான் அதிகம். இடுப்பில் ஏன் இத்தனை சாவி? கோட்டைக்குத்தான் சர்க்கார் ஆள் வைத்திருக்கிறதே. எதற்கு அடிக்கடி திரும்பி என் பையைப் பார்க்கிறார்? எதற்குப் பிள்ளைகளிடம் என்ன படிக்கிறீர்கள், அப்பா என்ன வேலை என்று கேட்கிறார்? "அப்பா கடலு—" என்று சின்னவன் ஆரம்பித்தான். நான் அவன் உள்ளங்கையை அழுத்தினேன். "கடலை யாவாரம்" என்று முடித்துவைத்தேன். அந்த ஆள் சிரித்தார். "கமுதிக் கடலையா? நல்லாருக்கும்."

"உங்களுக்கு உங்க நெழலு பின்னாடி வந்தாலே யாரு நீன்னு கேக்கணும்" என்று உங்கம்மா என் காதில் சொன்னாள். "அவரு பாவம், பொழப்புக்குப் பேசுறாரு."

"பொழப்புக்குப் பேசுறவன் ஊரக் கேப்பானா?"

"ஊரக் கேக்காம மிளகா வெலையவா கேப்பாங்க?"

பாதி மலையில் பாறையைக் குடைந்து ஒரு சின்ன அறை. இரும்பு ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். உள்ளே ஒரு லிங்கம். "அந்தக் காலத்துல இங்கனதான் வெடி மருந்து வச்சிருந்தாங்கன்னு சொல்றவுகளும் உண்டு" என்றார். சொல்றவுகளும் உண்டு என்றால் யார்? ஏழு சுற்று மதில் இருந்ததாம். நான் எண்ணிப் பார்த்தேன், பாதிதான் தேறியது. மீதி எங்கே என்று கேட்டேன். "இடிஞ்சிருச்சுண்ணே." எதைக் கேட்டாலும் இடிந்ததற்குள் போட்டுவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு இடத்தில் மதிலில் செங்கல் பெயர்ந்து உள்ளே சுண்ணாம்பு தெரிந்தது. நம் ஊரில் கட்டின வீட்டை உப்புக்காற்று பத்து வருஷத்தில் அரித்துவிடுகிறது. இவ்வளவு காலம் மழையும் வெயிலும் தின்ற பிறகும் இது எப்படி நிற்கிறது என்று எனக்கு ஆச்சரியம். பையிலிருந்து கத்தியை எடுத்து நுனியால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. தலையை நிமிர்த்தியபோது அந்த ஆள் அசையாமல் நின்று கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் நைலான் கயிறு சுருட்டி இருந்ததையும் பார்த்திருப்பார். கடலுக்குப் போகிறவன் கத்தியும் கயிறும் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டான். கமுதிக் கடலை வியாபாரிக்கு அது எதற்கு என்று அவர் யோசித்திருக்க வேண்டும். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. நம் பையை நோட்டம் விடுகிறான் என்று மட்டும்தான் தோன்றியது.

உச்சியில் ஒரு வட்டமான மேடை, அதன்மேல் ஒரு பீரங்கி. நல்ல வெயில். கீழே கண்மாய்களும் பனைகளும் ரோட்டில் ஓடுகிற லாரிகளும் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. சின்னவன் பீரங்கி வாய்க்குள் தலையை விட்டு "ஓ" என்று கத்தினான். நான் மேடையில் ஏறியதும் ஒரு சுற்றுத் திரும்பி மூக்கைக் காற்றுக்குக் கொடுத்தேன். மேற்கிலிருந்து கச்சான் காற்று எடுக்க ஆரம்பித்திருந்தது. கடலில் இன்னும் பத்து நாளில் கொந்தளிக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அதையும் அந்த ஆள் பார்த்தார்.

அப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னார். பாறைப் பள்ளத்தில் தேங்கிய சுனைக்குப் பக்கத்தில், நிழலில் எங்களை உட்காரவைத்து, கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"ஒரு தடவ எதிரி படை கோட்டையச் சுத்தி வளச்சிருச்சு. உள்ள இருக்கிறவுக அசரல. ஏன்? குடிக்க இந்தா சுனை. திங்க? பின்பக்கமா ஒரு களவு வழி இருக்கு. அது வழியா அரிசி வரும், உப்பு வரும். படை மூணு மாசம் கெடந்து பாத்துச்சு. ஒண்ணும் நடக்கல. அப்ப ஐப்பசி மாசம், அடமழ. அந்த மழையில ஒருத்தன் கருவாட்டு மூட்டையத் தூக்கிட்டு வாரான். வழக்கமா வாரவன்தான். எந்த ஊருக்காரன்?" என்று நிறுத்தினார். எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். "பாம்பங்காரன். அவன எதிரி மடக்கி, ஒரு பை பொற்காச காட்டுனான். அம்புட்டுதான். பொசுக்குன்னு வழியக் காட்டிட்டான். விடியுறதுக்குள்ள கோட்ட போச்சு. உள்ள இருந்த அத்தன உசிரும் போச்சு. கருவாட்டு மூட்ட மட்டும் இந்தா, இந்தப் பாறையில கெடந்துச்சாம்."

உங்கள் முகம் இரண்டும் எனக்கு இப்போதும் தெரிகிறது. சின்னவன் உட்கார்ந்திருந்த பாறையை விட்டு எழுந்து தள்ளி நின்றான். பெரியவள் முதலில் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். நான் சுனைத் தண்ணீரைப் பார்த்தேன்.

எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது. அவர் ஐப்பசி என்ற அந்த நொடியே அந்தக் கதை பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐப்பசி அடைமழையில் எவன் கருவாடு போடுவான்? மூன்று நாள் வெயில் வேண்டும் காய. இருக்கிற பழைய மூட்டையையே பிரித்துப் பிரித்துக் காப்பாற்றுகிற மாசம் அது. ஆனால் நான் கமுதிக்காரன். கடலை வியாபாரி. எனக்கு எப்படிக் கருவாடு தெரியும்?

பெரியவள் சொல்லிவிட்டாள். "ஐப்பசியில ஏது கருவாடு? மழையில காயாதே. புழு வச்சிருமே!"

நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அழுத்தியது பலமாக விழுந்துவிட்டது. "பெரியவுக சொல்றப்ப குறுக்க பேசாத. சும்மா இரு" என்றேன்.

அந்த ஆள் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். "கமுதிப் பாப்பாவுக்குக் கருவாட்டுச் சங்கதி நல்லாத் தெரியுதே" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஏதோ ஒரு வலையை இழுத்துக்கொண்டு நிற்கிறார் என்று மட்டும் தோன்றியது.

அந்த ஆளுக்குத் தோன்றியதைக் கொடுத்து, அவரைச் சுனையடியிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். இறங்கும்போது பெரியவள் என் கையைப் பிடிக்கவில்லை. அம்மாவோடு போனாள். பாதி வழியில் அவள் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "நம்ம ஆளுகளா காட்டிக் குடுத்தது? அதான் அப்பா ஊர மாத்திச் சொன்னாகளா?"

உங்கம்மா என்ன சொல்வாள்? "அதெல்லாம் எந்தக் காலத்துக் கத. நீ பாத்து எறங்கு" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஆள் ஏன் குறிப்பாகப் பாம்பன் என்று சொன்னார்? நம் வண்டி நம்பரை வைத்துத் தெரிந்துகொண்டாரா? சின்னவன் சொல்லிவிட்டானா? யாராவது அனுப்பிய ஆளா? "நீங்க போயிட்டே இருங்க, வாரேன்" என்று உங்களை அனுப்பிவிட்டு மறுபடி மேலே ஏறினேன். கேட்காமல் வண்டியில் ஏறினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த ஆள் அதே சுனைக்குப் பக்கத்தில், வேறு ஒரு குடும்பத்தை உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கம் போல. அதே படை, அதே மூன்று மாசம், அதே ஐப்பசி. நான் மதில் மறைவில் நின்று கேட்டேன். "ஒருத்தன் எண்ணெய்க் கொடத்தத் தூக்கிட்டு வாரான். எந்த ஊருக்காரன்? திருச்சிக்காரன்!" அந்தக் குடும்பத்தில் ஒரு கிழவர் தொடையில் தட்டி, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

அவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு நேரே போய் நின்றேன்.

"எங்கட்ட கருவாட்டுக்காரன்னீங்க. இப்ப எண்ணெய்க்காரங்கிறீங்க. எதுங்க நெசம்?"

அவர் அதிர்ச்சியடையவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க கமுதிக்காரரே" என்றார்.

"நான் கமுதி இல்ல."

"அது உங்க வண்டி வந்து நின்னப்பவே தெரியும்ணே. நீங்க எறங்குறதுக்கு முன்னாடியே உங்க ஊரு எறங்கிருச்சு."

எனக்கு விளங்கவில்லை.

"கருவாடுண்ணே! புளியமரத்துக் காக்கா பூராவும் உங்க வண்டி மேல வந்து உக்காந்துச்சே, பாக்கலையா? கருவாடு வாங்கிட்டுப் போறவனுக்குப் பை மட்டும் நாறும். உங்களுக்கு வண்டி நாறுது, சட்ட நாறுது, பாப்பாவோட ரிப்பன்கூட நாறுது. கோவிச்சுக்கிறாதீங்க. இதுல மேல வந்து நின்னதும் காத்த மோந்து பாக்குறீங்க. இந்தப் பக்கத்து ஆளு வெயிலத்தான் பாப்பான்."

நான் என் சட்டைக் கையைத் தூக்கி மோந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப தெரிஞ்சேதான் சொன்னீங்களா? பாம்பன்னு?"

"கடக்கரைன்னு தெரியும். பாம்பன்னு குத்துமதிப்பா அடிச்சேன். உங்க வீட்டுக்காரம்மா மொகம் போன போக்குல செரியாத்தான் அடிச்சிருக்கேன்னு தெரிஞ்சிருச்சு."

"எதுக்குங்க அப்படி? புள்ளைக முன்னாடி?"

அவர் கம்பால் தரையில் கோடு கிழித்தார். சிரிப்பு போய்விட்டது. "இந்த மலைக்கு ஊர மறச்சு வாரவன் ரெண்டே ரகம்ணே. ஒண்ணு, வீட்டுக்குத் தெரியாம ஓடி வந்த சோடி. இன்னொண்ணு, புதையல் இருக்குன்னு எவனாவது சொன்னதக் கேட்டுத் தோண்ட வாரவன். நீங்க பொண்டாட்டி புள்ளையோட வந்தீங்க. பையில கயிறு. கையில கத்தி. போதாதுக்குச் செவுத்தச் சொரண்டுறீங்க. மீதி மதிலு எங்கன்னு வேற வெசாரிக்கிறீங்க. நான் உங்கள என்னன்னு நெனைக்கிறது?"

நான் அவரைத் திருடன் என்று நினைத்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிய அதே வழியில், அவர் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறார்.

"அதான் கருவாட்டுக்காரனக் காட்டிக் குடுக்க விட்டேன்" என்றார். "ஊருப் பாசம் உள்ளவனா இருந்தா கத்துவான், 'எங்க ஊரா அப்படிச் செஞ்சுச்சு'ன்னு சண்டைக்கு வருவான். ஊரு வெளிய வந்துரும். தோண்ட வந்தவன்னா கம்முன்னு இருப்பான். நீங்க கம்முன்னு இருந்தீங்க. பாப்பாதான் கத்துச்சு. நீங்க அது வாயப் பொத்துனீங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். எனக்கு அது கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது.

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "நெசமா காட்டிக் குடுத்தது யாரு?"

"யாருக்குத் தெரியும்? காட்டிக் குடுத்தாங்களான்னே தெரியாது. உங்க ராமநாதபுரம் ராஜா கட்டுனாரு, அது நெசம். இந்தா மதிலு, அந்தா பீரங்கி, இந்தச் சுனை, எல்லாம் நெசம். அத மட்டும் சொன்னா பாதி மலையிலயே எறங்கிப் போயிருவாங்கண்ணே. கோட்டைன்னா காட்டிக் குடுத்தவன் ஒருத்தன் வேணும். அதுவும் நம்ம ஊருக்காரனா இருக்கக்கூடாது. அப்பத்தான் உச்சி வரைக்கும் ஏறுறாங்க."

"இடுப்புல என்ன அம்புட்டுச் சாவி?"

"வீட்டுச் சாவி, சைக்கிள் சாவி. மிச்சம் எது எதுக்குன்னு மறந்துபோச்சு. சாவி தொங்குனா ஆளுக மதிக்கிறாக."

நான் எழுந்தேன். நாலு படி இறங்கியதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பாம்பங்காரரே! ஐப்பசியில கருவாடு நெசமாவே காயாதா?"

"காயாது. புழு வச்சிரும்."

"அப்ப இனிமே பங்குனின்னு மாத்திக்கிறேன்."

நான் வேகமாக இறங்கி வந்தேன். உங்களுக்கு நல்ல செய்தி கொண்டு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் வண்டிக்குப் பக்கத்தில் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தீர்கள். பெரியவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"அந்தக் கத பொய்யி" என்றேன். "அவரே ஒத்துக்கிட்டாரு. நம்ம ஆளு யாரும் காட்டிக் குடுக்கல. நீ சொன்னதுதான் சரி, ஐப்பசியில கருவாடு ஏது?"

சின்னவன் உடனே நம்பிவிட்டான். "நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு ஊறுகாயை நக்கினான். பெரியவள் நம்பவில்லை.

"அவரும் பொய் சொன்னாரு. நீங்களும் ஊருப் பேரப் பொய்யாச் சொன்னீங்க. இப்ப இது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்புறது? ஸ்கூல்ல எந்திரிச்சு நின்னு என்னத்தச் சொல்றது?"

உங்கம்மா அவளை அதட்டினாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வெட்கமா என்று.

இப்போது பதில் சொல்கிறேன். வெட்கம் இல்லை, மகளே. பழக்கம். ஆனால் உனக்கு அது வெட்கம் மாதிரித்தான் தெரிந்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ சரியாகச் சொன்னபோது உன் கையை நான் அழுத்தினேன். அது தப்பு. அது உனக்கு வலித்ததைவிட எனக்கு இத்தனை நாள் கழித்து அதிகமாக வலிக்கிறது. பள்ளிக்கூடத்தில் நீ பார்த்ததைச் சொல். மதில், சுனை, பீரங்கி, ஏணி. கதையையும் சொல்லலாம். சொன்னவர் யார், அதை ஏன் அப்படிச் சொன்னார், உன் அப்பா ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்வதாக இருந்தால் சொல். எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று மிச்சம் இருக்கிறது.

நீங்கள் எல்லோரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தீர்கள். மாமா காக்காயை விரட்டிக்கொண்டிருந்தார். "தண்ணி பிடிச்சிட்டு வாரேன்" என்று நான் கேனைத் தூக்கிக்கொண்டு போனேனே, ஞாபகம் இருக்கிறதா? குழாய் அந்தப் பக்கம் இருந்தது. நான் இந்தப் பக்கம், காவல்காரருடைய முக்காலிக்குப் போனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். நோட்டு முக்காலி மேல் கிடந்தது, காற்றில் புரளாமல் இருக்க ஒரு செங்கல் வைத்திருந்தார். செங்கலை எடுத்து, நம் வண்டி நம்பரைத் தேடினேன்.

நம்பர், ஊர் என்ற இரண்டுக்கும் அடுத்து ஓரத்தில் தலைப்பு இல்லாத கட்டம் ஒன்று இருந்தது. காலையில் நான் எழுதியபோது அதில் ஒன்றும் இல்லை. இப்போது கண்ணாடி இல்லாதவர் எழுதிய பெரிய கோணல் எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது. வண்டிக்கு அடையாளம் வைத்துக்கொள்ள எழுதியிருப்பார். 'கருவாடு.'

நூலில் கட்டிய பேனாவை எடுத்தேன். மை வரவில்லை. உள்ளங்கையில் தேய்த்தேன், ஊதினேன், மறுபடி தேய்த்தேன். வந்தது. 'கமுதி' மேல் ஒரு கோடு போட்டேன். அதற்கு மேல் இருந்த கொஞ்ச இடத்தில் 'பாம்பன்' என்று எழுதினேன். அழுத்தி எழுதியதில் தாள் லேசாகக் கிழிந்தது. ஓரத்துக் கட்டத்தில் இருந்ததை நான் தொடவில்லை. செங்கலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் கேனை நிரப்பிக்கொண்டு வந்தேன்.